ஷெப்பர்ட் ஃபேரி பிரிண்ட் கைக்கு வந்தால்

அமெரிக்க ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரியின் பிரிண்ட்டை (அச்சுப் பிரதியை) சுருட்டி வைத்த அட்டைக் குழாய் வீட்டுக்கு வந்ததும் உடனே பிரிக்கக் கை பரபரக்கும். ஒரு நாள் பொறுங்கள். வழியில் பட்ட ஈரமும் சூடும் தணிந்து தாள் அறையின் நிலைக்கு வரட்டும்.

பிரிண்ட்டின் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுக்கவே கூடாது. கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு விரல்களை உள்ளே விட்டு, சுருள் இன்னும் இறுகும் பக்கமாக மெல்லத் திருகுங்கள். சுற்றளவு குறைந்து, தானாகவே வழுக்கி வரும். விரித்ததும் எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்த நினைக்க வேண்டாம். பிறைநிலா வடிவில் ஒரு மடிப்பு விழுந்தால் அது போகவே போகாது. சுத்தமான டிஷ்யூ தாளை மேலே போட்டு, ஓரங்களில் புத்தகங்களை வைத்தால் போதும்.

சரி, இப்போது பார்க்கலாம். ஃபேரியின் வழக்கமான அளவு 18 க்கு 24 அங்குலம். பல பிரிண்ட்டுகள் பொடிப்பொடியாகப் புள்ளி கலந்த க்ரீம் நிறத் தாளில் வரும். அந்தப் புள்ளிகளை அழுக்கு என்று நினைத்து ரப்பரால் தேய்த்துவிடாதீர்கள், அது தாளின் இயல்பு.

பூதக்கண்ணாடியை எடுத்து சிவப்பும் கறுப்பும் சேரும் இடத்தில் வையுங்கள். ஸ்கிரீன் பிரிண்ட் (திரை வழியாக ஒவ்வொரு நிறமாக மையை அழுத்தி எடுப்பது) என்றால் மை ஒரே பரப்பாக, தாளின் மேல் கொஞ்சம் எழுந்து நிற்கும். நிறங்கள் சேருமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று மெல்லிய கோடாக ஏறியிருக்கும். பரப்பு முழுவதும் நாலு நிறச் சிறுபுள்ளிகள் ரோஜாப்பூ வளையமாகத் தெரிந்தால் அது ஆஃப்செட், அதாவது இயந்திரத்தில் மொத்தமாக அடிக்கும் அச்சு. 2008 அமெரிக்கத் தேர்தலின்போது ஃபேரி உருவாக்கிய ஒபாமா 'ஹோப்' படம் இரண்டு வகையிலும் அச்சானது. அதில் ஆஃப்செட் போஸ்டர்கள்தான் ஏராளம். ஆகவே விற்பவர் வாயால் சொல்வதை விட இந்தச் சோதனையையே நான் நம்புவேன்.

கீழே பென்சிலில் கையெழுத்தும் ஆண்டும், இடப்பக்கம் 112/450 போல (450 பிரதிகளில் 112-வது) எண்ணும் பெரும்பாலும் இருக்கும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் பென்சில் தாளில் அழுந்திய தடமும் அதன் பளபளப்பும் தெரியும். சின்ன எண் என்பதால் கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். 7-ம் பிரதிக்கும் 400-ம் பிரதிக்கும் அச்சில் சொல்லத்தக்க வித்தியாசம் இருக்காது, எண் போட்ட வரிசையும் அச்சடித்த வரிசையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்புறம் பிரேம் கடை. இங்கேதான் பிரிண்ட்டுகள் பாழாகின்றன. "ப்ளைவுட்டில் ஒட்டிக் கொடுத்தால் அலையாமல் நிற்கும் சார்" என்பார்கள். ஒட்டினால் அன்றோடு முடிந்தது. ஃபெவிகால், இருபக்க டேப், செலோ டேப் எதுவும் வேண்டாம். ஆசிட் ஃப்ரீ (அமிலம் இல்லாத) மவுண்ட் போர்டில், மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை மாவுப் பசையும் வைத்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். பிரேமுக்குப் பொருந்தவில்லை என்று வெள்ளை ஓரத்தை வெட்டவும் விடக்கூடாது. எண் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடி மையைத் தொடாமல் இடைவெளி இருக்கட்டும், புழுக்கமான நாட்களில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நிறத்தை வெளுக்க வைக்கும் யு.வி. கதிரைத் தடுக்கும் கண்ணாடி விலை அதிகம்தான், ஆனால் வாங்குங்கள். அது இருந்தாலும் வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம்.

வாங்கிய ரசீதையும் எண்ணின் நெருக்கமான போட்டோவையும் ஒரு உறையில் போட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்ட்டின் பின்புறத்தில் மட்டும் ஒட்டாதீர்கள்.