திருகோணமலையில் நாட்டார் பாடல் அரங்கு நடத்துதல்: புதிய தொண்டர்களுக்கான செய்முறை

பத்துத் தொண்டர்களும், இரவலாகக் கிடைத்த ஒரு முற்றமும், அறுபது கதிரைகளும் இருந்தால் திருகோணமலையில் ஒரு மாலை நேர நாட்டார் பாடல் அரங்கை நடத்திவிடலாம். பாட வருபவர்களில் பலர் மேடைக்குப் பழக்கமில்லாதவர்கள் என்பதை மறந்து, திரையிசைக் கச்சேரிக்கு உரிய ஏற்பாடுகளை அப்படியே செய்துவிடுவதாலேயே இத்தகைய நிகழ்ச்சிகள் சோபிக்காமல் போகின்றன. ஆகவே எந்த முடிவை எடுக்கும்போதும், பாடுபவருக்கு இது வசதிப்படுமா என்பதையே முதலில் பார்க்கவும்.

படி 1: நாளும் அனுமதியும்

வாடைக்காற்றோடு மாரி மழை பெய்யும் மாதங்களைத் தவிர்த்து, மே முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காலத்தில் நாளைக் குறிக்கவும். போயா (பௌர்ணமி நாள்) விடுமுறை வசதியானது. எனினும், வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு (அம்மனைக் குளிர்விக்கும் சடங்கு) நடக்கும்போது உடுக்கடிப்பவர்களும் காவியம் படிப்பவர்களும் அங்கேதான் இருப்பார்கள் என்பதால், நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன் கலைஞர்களைக் கேட்பதே முறை. ஒலிபெருக்கி பயன்படுத்துவதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரண்டு வாரங்களுக்கு முன்னரே எழுத்து மூலம் விண்ணப்பிக்கவும். இரவு 10 மணிக்குப் பின் பொதுவாக ஒலிபெருக்கிக்கு இடமில்லை என்பதை மனத்திற்கொண்டு, மாலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடிக்கத் திட்டமிடவும். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் இதற்கு முணுமுணுக்கத்தான் செய்வார்கள்.

படி 2: இடம்

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்கரையில் வைத்தால் அழகாக இருக்கும் என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். படம் அழகாகத்தான் வரும். ஆனால் அலையிரைச்சலும் காற்றும் சேர்ந்து தாலாட்டை விழுங்கிவிடும். சுற்றுமதில் உள்ள பாடசாலை முற்றமோ வாசிகசாலை வளவோ இதைவிட நல்லது. உயர்ந்த மேடை கட்ட வேண்டாம். கூத்து ஆடும் வட்டமான தரை அரங்காகிய வட்டக்களரியை நினைவிற்கொண்டு, தரையில் பாய் விரித்து, மூன்று பக்கமும் சனம் நெருங்கி உட்காரும்படி கதிரைகளை அடுக்கினால், பாடுபவருக்கு எதிரே தெரிந்த முகங்கள் இருக்கும்.

படி 3: கலைஞர்களைத் தேடிச் செல்லுதல்

அதிக நேரம் செலவாக வேண்டிய வேலை இதுதான். தொலைபேசியில் அழைத்துப் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொள்வது போதாது. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சம்பூர் என்று வீடுகளுக்கே நேரில் போய், ஒரு பிளேன்ரீ குடித்து, அவர்கள் எதைப் பாட விரும்புகிறார்கள் என்று கேட்டு வரவேண்டும். ஒப்பாரியை மங்கலமான இடத்தில் பாட மாட்டேன் என்று மறுக்கும் அம்மாமார் உண்டு. அவர்களை வற்புறுத்தக் கூடாது. தாலாட்டோ ஊஞ்சல் பாட்டோ கேட்டால் மகிழ்ந்து பாடுவார்கள். கிண்ணியாப் பக்கம் போகும்போது, முஸ்லிம் பெரியவர்களிடம் உள்ள நாட்டார் கவிகளையும் பக்கீர்மார் றபான் அடித்துப் பாடும் பைத்து என்ற பாட்டையும் விசாரிக்கத் தவறாதீர்கள்.

எங்கள் முதல் அரங்கில் அம்பா (மீனவர் வலை இழுக்கும்போது பாடும் பாட்டு) பாட வந்த ஐயா ஒருவர், மைக்குக்கு முன் நின்று இரண்டு அடி பாடிவிட்டு, அடுத்த அடி வராமல் திகைத்துப்போனார். வலைக்கயிறு கையில் இல்லாமல் அது எப்படி வரும் என்று அவரே சிரித்தார். கதிரை கட்டிவந்த கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை வேப்பமரத்தில் முடிந்து, மறுமுனையில் நான்கு இளைஞர்களை அவருக்குப் பின்னால் நிறுத்திய பின்னர்தான் பாட்டு ஓடத் தொடங்கியது. அவர் அடியெடுக்க, இவர்கள் இழுத்தபடியே திருப்பிப் பாடினார்கள். அன்றிலிருந்து, பாட்டோடு சேர்ந்து வரும் பொருள் என்ன என்பதையும் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்கிறோம்: உலக்கை, சுளகு, கோலாட்டக் கம்பு, கயிறு.

படி 4: ஒலி

நல்ல மைக் இரண்டும் ஒலிபெருக்கிப் பெட்டி இரண்டும் போதும். பெட்டிகளை மைக்குகளுக்கு முன்னால், சபையை நோக்கி வைக்கவும். பின்னால் வைத்தால் மைக் ஊளையிடும். காற்றுச் சத்தம் புகாதபடி மைக்குக்குப் பஞ்சுறை போடவும். தோற்கருவிகளுக்குப் பெரும்பாலும் மைக் தேவைப்படாது. சவுண்ட்காரர் எதிரொலியைக் கூட்டி வைத்திருப்பார்; அதை முழுவதுமாக நிறுத்தச் சொல்லவும், ஏனெனில் நாட்டார் பாட்டில் சொல் விளங்காவிட்டால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

கடலோர ஈரக்காற்றில் பறையின் தோலும், றபான் என்ற ஒருமுகத் தோற்கருவியின் தோலும் தளர்ந்துவிடும். அவற்றைச் சூடு காட்டி முறுக்கேற்ற, பந்தலுக்கு எட்டாத ஒரு மூலையில் காய்ந்த ஓலையும், பக்கத்தில் ஒரு வாளி மணலும், பொறுப்புக்கு ஒரு தொண்டரும் இருக்கட்டும்.

படி 5: அன்றைய மாலை

வாசலுக்கு இருவர், கதிரைக்கு இருவர், தேநீருக்கு இருவர், கலைஞர்களோடு கூடவே இருக்க இருவர், ஒலிக்கு ஒருவர், நேரம் பார்க்க ஒருவர் எனப் பிரித்துக்கொள்ளவும். நேரம் பார்ப்பவர் கொஞ்சம் கண்டிப்பானவராக இருக்க வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை என்று ஒரு மணித்தியாலம் கரைந்த நிகழ்ச்சிகளில், எண்பது வயதுப் பாட்டி ஒருவர் பாடாமலே தூங்கிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். விளக்கேற்றி, ஐந்து நிமிடம் பேசி, பாட்டைத் தொடங்கிவிடவும். அறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் அது எந்த ஊரில், எந்த வேலையின்போது பாடப்பட்டது என்பதை இரண்டு வசனங்களில் சொன்னால் போதுமானது. ஒலிப்பதிவு செய்வதானால் பாடுபவரின் சம்மதத்தை முன்னரே கேட்கவும்.

படி 6: முடிந்த பின்னர்

கலைஞர்களுக்கான அன்பளிப்பையும் பயணச் செலவையும் அவர்கள் பாடுவதற்கு முன்பே உறையில் இட்டுக் கொடுத்துவிடவும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதால் பாதைக்கு (ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு) காத்திருந்த காலம் போய்விட்டது. ஆனாலும் இரவு 9 மணிக்குப் பின் மூதூருக்குப் பஸ்ஸை நம்ப முடியாது என்பதால், வான் ஒன்றை முதலிலேயே பேசிவைக்கவும். வான் புறப்பட்ட பிறகு உண்டியலை இருவர் சேர்ந்து எண்ணி, தொகையைக் கொப்பியில் எழுதி, இருவரும் கையொப்பமிட வேண்டும். கதிரைகளை ஏற்றுவதற்கு முன் ஒருமுறை எண்ணவும். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு குறையும். தேடிப் போனால், தேநீர்க் கேத்திலை வைப்பதற்காக யாரோ சமையற்கட்டுக்குத் தூக்கிப் போயிருப்பார்கள்.