ஏஎன்ஏ சோதனை: பணத்தையும் தூக்கத்தையும் கெடுக்கும் தவறுகள்

நம் செல்களின் கருவையே குறிவைக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது ஏஎன்ஏ சோதனை; எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களைத் தேடத்தான் இதை எடுப்பார்கள். டியூப்பில் பெயர் மாறுவது, ரத்த அணுக்கள் உடைந்துபோவது போன்றவற்றைப் பெரும்பாலும் லேப்பிலேயே பிடித்துவிடுவார்கள். சோதனை ஒழுங்காக நடந்த பிறகும் வரும் கோளாறுகள்தான் பெரியவை. கோலாலம்பூரில் புதிதாகக் கிளினிக்கில் உட்காரும் டாக்டர்களும், ஹெல்த் ஸ்கிரீனிங் பேக்கேஜில் ரத்தம் கொடுப்பவர்களும் திரும்பத் திரும்ப இதே இடங்களில் சறுக்குகிறார்கள்.

அறிகுறியே இல்லாமல் ஏஎன்ஏ எடுப்பது

எரிச்சலைக் கிளப்புவது இதுதான். செந்தூலிலிருந்து நாற்பது வயது அக்கா ஒருவர், "ரொம்ப அசதியா இருக்கு டாக்டர்" என்று வருவார். இரண்டு வேலை, ராத்திரி ஐந்து மணி நேரத் தூக்கம். மூட்டு வீக்கம் இல்லை, வெயில் பட்டால் முகம் சிவப்பதில்லை, வாய்ப்புண் இல்லை, குளிரில் விரல் வெளுப்பதும் இல்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று ஏஎன்ஏ கட்டத்திலும் ஒரு டிக் விழும். ரிப்போர்ட்டில் "பாசிட்டிவ், 1:80, ஸ்பெக்கல்ட்" என்று வந்ததும் வீடு முழுக்க லூபஸ் பேச்சு. அடுத்து டிஎஸ்-டிஎன்ஏ, ஈஎன்ஏ என்ற குறிப்பிட்ட ஆன்டிபாடி சோதனைகள், சி3, சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள் என்று ரிங்கிட் கரையும். காத்திருந்து, இந்த நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி டாக்டரைப் பார்த்தால், "ஒன்றுமில்லை, போய்ட்டு வாங்க" என்பார். முதலில் எடுத்திருக்க வேண்டியவை ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, சர்க்கரை.

சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, 80 மடங்கு நீர்த்த பிறகும் லேப்பில் வளர்த்த ஹெப்-2 என்ற மனித செல்லின் கரு மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக ஒளிர்கிறது. 1:80 சொல்வது அவ்வளவுதான். 1997இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களிலேயே 1:40இல் ஏறக்குறைய 32 விழுக்காட்டினருக்கும், 1:80இல் 13, 1:160இல் 5, 1:320இல் 3 விழுக்காட்டினருக்கும் பாசிட்டிவ் வந்தது. ஆயிரம் பேரில் ஒருவருக்கு லூபஸ் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் எடுத்தால் அந்த ஒருவரோடு சேர்ந்து சுமார் 130 பேர் பயந்துபோய் நிற்பார்கள். வயது ஏறினாலும், தைராய்டு ஆன்டிபாடி இருந்தாலும், காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிட்டாலும் ஏஎன்ஏ வரலாம்.

2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய-அமெரிக்க லூபஸ் வகைப்பாட்டில் 1:80 என்பது வெறும் நுழைவுச் சீட்டு. அதற்குமேல் 10 புள்ளி சேர வேண்டும். அதில் ஒன்றாவது நோயாளியிடம் காணும் பாதிப்பாக இருக்க வேண்டும், ஆன்டிபாடி, சி3, சி4 எண்கள் மட்டும் போதாது.

முறையையும் வடிவத்தையும் பார்க்காமல் விடுவது

மைக்ரோஸ்கோப் இல்லாமல் கருவியில் அளக்கும் எலைசா முறையில் எடுத்த ஏஎன்ஏவில் 1:80 போன்ற டைட்டரோ (எத்தனை மடங்கு நீர்த்தும் ஒளிர்ந்தது என்ற அளவு), செல் ஒளிரும் வடிவமோ இருக்காது, ஒரு எண் மட்டுமே வரும். ஹெப்-2 முறைதானா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். வடிவம் ஹோமோஜீனியஸ் (கரு முழுக்க ஒரே சீராக ஒளிர்வது) என்றால் டிஎஸ்-டிஎன்ஏ பார்க்கலாம். சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுப்புப் பகுதி ஒளிர்வது) என்றால் விரல்களையும் தோலையும் பாருங்கள், அது தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மாவின் பக்கம் கைகாட்டும். அடர்ந்த நுண்புள்ளி வடிவம், அதாவது டிஎஃப்எஸ்70, தனியாக வந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

நெகட்டிவ் என்றதும் ஃபைலை மூடுவது

தசை அழற்சியில் வரும் ஜோ-1 ஆன்டிபாடி ஒட்டுவது கருவில் அல்ல, அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தில். அதையும் நெகட்டிவ் என்றே எழுதும் லேப்கள் உண்டு. கண், வாய் வறட்சியோடு தொடர்புள்ள ரோ ஆன்டிபாடியும் சில சமயம் தப்பிவிடும். தசை பலவீனத்தோடு மூச்சு வாங்கினாலோ, கண்ணும் வாயும் வறண்டாலோ, ஏஎன்ஏ என்ன சொன்னாலும் ஈஎன்ஏ கேளுங்கள்.

ஏஎன்ஏவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது

வேண்டாம். லூபஸின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவது டிஎஸ்-டிஎன்ஏ, சி3, சி4.

எல்லாவற்றையும் டிங்கி என்று தள்ளுவது

பிளேட்லெட்டும் வெள்ளணுவும் குறைந்தால் இந்த ஊரில் டிங்கியைத்தான் முதலில் நினைக்க வேண்டும், சரி. காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரமாகியும் எண்கள் ஏறவில்லையென்றால் லூபஸ் பக்கமும் பாருங்கள்.

சிறுநீரை மறப்பது

மன்னிக்க முடியாதது. லூபஸ் சிறுநீரகத்தை வலியில்லாமலே அரிக்கும். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும்போது நேரம் போயிருக்கும். சிறுநீரில் புரதம்-கிரியேட்டினின் விகிதம் கிராமுக்கு 0.5 கிராமைத் தாண்டினால் உடனே ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்புங்கள்.

வார்ஃபரின் சாப்பிடுபவரிடம் லூபஸ் ஆன்டிகோகுலன்ட் எடுப்பது

லூபஸ் ஆன்டிகோகுலன்ட், ரத்தம் உறையும் நேரத்தை வைத்துப் பார்க்கும் சோதனை; வார்ஃபரினோ ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. அதனால் ரிசல்ட்டை நம்ப முடியாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் மருந்தின் பெயரைப் படிவத்தில் எழுதுங்கள். மருந்தில்லாமல் எடுத்துப் பாசிட்டிவ் வந்தாலும், குறைந்தது 12 வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்காமல் ஆன்டிபாஸ்போலிபிட் (ரத்தம் தேவையில்லாமல் உறையும் நோய்) என்ற பெயரை ஒட்டாதீர்கள்.