பிறந்த குட்டியின் குடலைப் பழக்குவது எப்படி?

உசிலம்பட்டிப் பக்கம் புதிதாக நாலு வெள்ளாடு வாங்கிக் கட்டியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எது உறவு, எது பகை என்று குட்டியின் குடலுக்குக் கற்றுக்கொடுப்பது முதல் சில வாரங்களில் அங்கே குடியேறும் நுண்ணுயிரிகள்தான். அந்தப் பாடம் தடைபடாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, தாய் நக்குவதற்கு விடுங்கள். தொப்புள்கொடியை அயோடினில் நனையுங்கள். குட்டியைக் குளிப்பாட்ட வேண்டாம். பிறப்புப் பாதை, தாயின் நாக்கு, காம்புத் தோல் இவற்றிலிருந்துதான் முதல் நுண்ணுயிரிகள் அதற்குப் போகின்றன. மடியில் ஒட்டிய சகதியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் துடைத்தால் போதும்.

அடுத்து சீம்பால். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் குட்டியை ஊட்ட விட வேண்டும் என்று சொல்பவர்கள் இன்னும் உண்டு. காத்திருக்காதீர்கள். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் ஆட்டின் கருப்பைக்குள் குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. சீம்பாலில்தான் வர வேண்டும். அதை அப்படியே ரத்தத்தில் சேர்க்கும் சக்தி குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊட்டல். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் மொத்தம் 200 மில்லியாவது, நாலைந்து தடவையாகப் போக வேண்டும். வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்து விரலைச் சப்பினால் நல்லது. ஜில்லென்று இருந்தால் முதலில் சாக்கில் சுற்றிச் சூடேற்றுங்கள், அப்புறம் பால்.

நுண்ணுயிரியே படாமல் ஆய்வகத்தில் வளர்த்த எலிகளின் குடலில், பேயர் திட்டுகள் என்ற எதிர்ப்பணுக் கூட்டங்கள் சிறுத்துக் கிடக்கும். குடலுக்குக் காவலான ஐஜிஏ புரதமும் மிகக் குறைவு. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட எலிகளின் பெருங்குடலில் ஒரு வகை எதிர்ப்பணு அளவுக்கு மீறிச் சேர்ந்து அழற்சியைக் கூட்டியது. பிறந்தவுடன் நுண்ணுயிரி கிடைத்தவற்றில் அது அடங்கியது. வளர்ந்த பிறகு கிடைத்தவற்றில் அடங்கவில்லை. எலிக்கு நடந்தது ஆட்டுக்கு அச்சு அசலாக நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பருவம் தப்பக் கூடாது என்பது எனக்கு அதில்தான் உறைத்தது.

அடுத்தது மருந்து. ஒரு ஐப்பசி மழையில் எங்கள் ஆடு மூன்று குட்டி போட்டது. சின்னதைத் தனியே வைத்து, கழிச்சல் வருமுன்னே காப்பாக ஆன்டிபயாடிக் பொடி கலந்து புட்டிப்பால் கொடுத்தேன். பத்தாம் நாள் அதற்குத்தான் கழிச்சல். வாலடியில் மஞ்சளாக ஒட்டிக் காய்ந்திருந்ததை வெந்நீர்த் துணியால் ஊறவைத்து எடுத்தேன். அந்தப் பொடிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நல்ல நுண்ணுயிரிகளையும் அது சேர்த்தே அழிக்கும். மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து அகத்தி, வேலிமசால் கொழுந்தைக் குட்டியின் மூக்குக்கு எட்டும் உயரத்தில் கட்டுங்கள். முதலில் மெல்லாமல் நக்கத்தான் செய்யும், சரி, விடுங்கள். தாயோடு சேர்ந்து கடிக்கும்போது இரைப்பைக்குரிய நுண்ணுயிரிகளும் வரும். தினமும் சாணியைப் பாருங்கள். முதல் நாள் தார் போலக் கருப்பாக இருக்கும், பிறகு மஞ்சள் களிம்பாகும். தழை தின்னப் பழகியதும் ஒருநாள் காலையில் கொட்டிலைக் கூட்டும்போது மிளகு அளவில் உருண்டையாக நாலு புழுக்கை கிடக்கும்.