ஊட்டிவிட்டே நாங்கள் செய்த தவறு: மாற்றுத்திறன் குழந்தையின் பெற்றோர் தவிர்க்க வேண்டியவை

என் மகனுக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). பாலக்கோடு பக்கத்திலிருந்து தருமபுரிக்கு வாரம் ஒருமுறை பிசியோதெரபிக்காக அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவோம். அங்கே அரை மணி நேரம் பயிற்சி. மீதி நேரமெல்லாம் வீட்டில்தான். வீட்டில் அவனை யாரும் எதையும் செய்ய விட்டதில்லை. என் அம்மா ஊட்டுவார், அவன் அக்கா சட்டை மாட்டிவிடுவாள், நான் தூக்கிக்கொண்டு திரிவேன். அவனுக்கு ஐந்து வயதானபோது வீட்டுக்கு வந்த சிறப்பாசிரியர், "இவன் முன்னாடி எப்பவாவது தட்டை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். வைத்ததே இல்லை. அவனால் முடியாது என்று முடிவு செய்தது நாங்கள்தான், அவன் இல்லை.

நான் பார்த்தவரை பெற்றோர் செய்யும் தவறுகளில் பாதி இந்த வகைதான். தெரபி என்றால் மையத்தில் நடப்பது, வீடு என்றால் பார்த்துக்கொள்வது என்று பிரித்துவிடுகிறோம். மையத்தில் வளையத்தை எடுத்துக் கம்பியில் மாட்டச் சொல்கிறார்கள். அதே விரல் வேலை நிலக்கடலை உரிப்பதிலும், தக்காளியைக் கூடையில் எடுத்துப் போடுவதிலும் இருக்கிறது. சட்டை மாட்டும்போது முழுவதையும் நாமே செய்யாமல், கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விட வேண்டும். அது பழகியதும் கடைசி இரண்டு வேலைகள், அப்புறம் மூன்று. வேலையை முடித்தது தான்தான் என்ற சந்தோஷம் தினமும் குழந்தைக்குக் கிடைக்கும். குழந்தையிடம் ஏதாவது கேட்டால், பதில் வருவதற்கு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், எங்கள் வீட்டில் ஆபத்து அங்கேதான் இருந்தது. நம் பக்கம் களியை மெல்ல மாட்டோம், உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குவோம். விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தைக்கு அந்த உருண்டை தொண்டையில் அடைத்துவிடும். மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டுவது அதைவிட மோசம், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். சாப்பிடும்போது இருமல், கண்ணில் தண்ணீர், தொண்டையில் கரகரப்பு, அடிக்கடி நெஞ்சுச்சளி, இதெல்லாம் அதற்கான அடையாளங்கள். நாங்கள் சளிக்கு மருந்து வாங்கிக்கொண்டே இருந்தோம், ஊட்டும் விதத்தை மாற்றவில்லை. குழந்தையை நேராக உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், மோவாய் லேசாகக் கீழே இருக்கும்படி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். களியை மோர் விட்டுக் கெட்டிக் கூழாகக் கரைத்துக்கொள்ளலாம். பல குழந்தைகளுக்குத் தண்ணீர்தான் புரையேறும், கெட்டியானது எளிதாக இறங்கும். சாப்பிட்டதும் படுக்க வைக்காதீர்கள். எந்தப் பதம் உங்கள் குழந்தைக்குச் சரி என்பதைத் தெரபிஸ்ட்டிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

காத்திருப்பது இன்னொரு தவறு. "அவங்க அப்பனே மூணு வயசுலதான் பேசினான்" என்று சொல்லாத பாட்டி உண்டா? ஆனால் ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். பேச்சு வராத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. மாவட்டத்துக்கு ஒன்றாக டி.இ.ஐ.சி. என்னும் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பரிசோதிக்கும் மருத்துவக் குழு அங்கேதான் அனுப்பிவைக்கும். கோயிலுக்குப் போங்கள், மந்திரியுங்கள், தாயத்தும் கட்டுங்கள். நானும் கட்டினேன். அதற்காக மருத்துவமனை போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

வலிப்பு வரும் குழந்தையின் கையில் சாவியைத் திணிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கையிலும் வேண்டாம், வாயிலும் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. "ஆறு மாசமா வரலையே" என்று மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாக வரலாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று இருக்கும். அதனால்தான் குழந்தை பேசவில்லை என்று சொல்லி, அம்மாவை அவருடைய சொந்த மொழியில் பேச விடாமல் தடுக்கிறார்கள். பல மொழி கேட்பதால் ஆட்டிசமும் வராது, பேச்சுத் தாமதமும் வராது. அம்மாவுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கதை சொல்லவும் வருகிறதோ அதில் பேசட்டும். போனைக் கையில் கொடுத்து உட்கார வைப்பதை நிறுத்தினாலே பேச்சுக்கு நிறைய நேரம் கிடைக்கும்.

"முதல்ல நடக்கட்டும், அப்புறம் பள்ளிக்கூடம்" என்று நாங்களும் ஒரு வருஷத்தை வீணாக்கினோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ. வரவே முடியாத குழந்தைக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருவார். அவர் வருகிறாரே என்று வாரம் முழுக்கக் குழந்தையை உள்ளேயே படுக்க வைப்பதும் தவறுதான். மற்ற பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஒரு பாய் விரித்து உட்கார வையுங்கள்.

அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயந்து யு.டி.ஐ.டி. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, வாங்காமல் இருப்பவர்கள் உண்டு. வாங்காவிட்டால் நட்டம் நமக்குத்தான். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் தமிழக அரசு தரும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. சிறு குழந்தைகளுக்குப் பல நேரம் தற்காலிகக் குறைபாட்டுச் சான்றுதான் தருவார்கள். அதில் போட்டிருக்கும் முடிவுத் தேதியைப் பார்த்துப் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள், நாங்கள் மறந்து திரும்பவும் அலைந்தோம்.

என் அம்மாவை மாற்றுவதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. "பச்சப் புள்ளைய கையால சாப்பிடுன்னு வதைக்கறீங்களே" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவர்தான் தட்டின் அடியில் ஈரத்துணி போட்டு, நகராமல் வைத்துக் கொடுக்கிறார். அவன் பாதி சாப்பிடுகிறான், பாதியைச் சிந்துகிறான். சாப்பாட்டு நேரம் தெரிந்து கோழிகள் முன்கூட்டியே வாசலுக்கு வந்துவிடுகின்றன.