எக்ஸ்பல்ஸின் வளைந்த ஃபோர்க்

மண்பாதையில் என் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் வலப்பக்கமாக விழுந்தது. பிரேக் லீவர் முறிந்தது, ஹேண்டில்பார் வளைந்தது. சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் இரண்டும் சுலபமாகக் கிடைத்தன. உடைந்த லீவரைக் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று.

மாட்டியும் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. சரி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பார்ப்போம் என்று அதன் இரண்டு குழாய்களையும் கழற்றிக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினேன். ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்னொன்று தத்தித் தத்தி உருண்டது, அடியில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. வளைந்தது அதுதான்.

அதே சந்தையில், வளைந்ததை நிமிர்த்திய பழைய குழாய் மலிவாகவே வந்தது. நான் வாங்கவில்லை. நிமிர்த்தும்போது குரோம் பூச்சில் விரிசல் விட்டால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை அறுத்துவிடும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து 37 மில்லிமீட்டர் புதுக் குழாயை ஆர்டர் செய்தேன். அப்புறம் முன்சக்கர அச்சான ஆக்சிலை முழுதாக முறுக்குமுன், குழாய்கள் நேராக உட்கார முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்திவிட்டேன். இப்போது நேராகப் போகிறது.