கீரை விதையை மணல் கலந்து தூவுங்கள்

தண்டுக்கீரை, அரைக்கீரை விதைகள் கடுகைவிடச் சிறியவை. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். நெருக்கமாக முளைக்கும் நாற்றுகளுக்குக் காற்றோட்டம் இருக்காது. ஈரமும் தேங்கினால் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். ஒரு ஸ்பூன் விதைக்கு இரண்டு கைப்பிடி உலர்ந்த மணல் கலந்து தூவுங்கள். மேலே அரை சென்டிமீட்டர் மண் போதும். ஆழத்தில் புதைந்த விதை மேலே வராது. குவளையால் தண்ணீர் ஊற்றினால் விதையெல்லாம் ஓரத்துக்கு ஓடிவிடும், பூவாளிதான் சரி.

நாலு இலை விட்டதும் 2 அங்குல இடைவெளி இருக்கும்படி நெருக்கமான நாற்றுகளைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். பிடுங்கிய இளங்கீரையைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் ருசியே தனி! வளர்ந்தபின் அறுவடை செய்யும்போது அரைக்கீரையை மட்டும் வேரோடு பிடுங்காமல் அடியில் 2 அங்குலம் விட்டு அறுங்கள், மறுபடி துளிர்க்கும்.