ஹாடன் ஹால் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், பேக்வெல் ஊருக்குத் தெற்கே சுமார் 2 மைல் தள்ளி, வை ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது ஹாடன் ஹால். 12ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து 17ஆம் நூற்றாண்டு வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய மேனர் ஹவுஸ். நம் பாஷையில் ஜமீன் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசையாகப் போய்விட்டு, "உள்ளே ஒண்ணுமே இல்லையே" என்று திரும்புகிறவர்கள் உண்டு. குறை வீட்டில் இல்லை, போகிற விதத்தில் இருக்கிறது.

முதல் தவறு, சாட்ஸ்வொர்த் மாளிகையைக் காலையில் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்துக்கு ஹாடனைச் சொருகுவது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடங்கள்தான். ஆனால் தங்கப் பூச்சும் ஓவியமுமாக அங்கே பார்த்த கண்ணுக்கு இங்கே உள்ள வெறும் கல் சுவர் காலி வீடாகத்தான் படும். ஒரே நாளில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஹாடனுக்கு முதலில் போங்கள். இரண்டு மூன்று மணி நேரமாவது கொடுங்கள்.

அலங்காரத்தைத் தேடுவது அடுத்த தவறு. 1700 வாக்கில் வீட்டுக்காரர்களான மேனர்ஸ் குடும்பம் லெஸ்டர்ஷயரில் உள்ள பீவர் கோட்டைக்குக் குடிபோய்விட்டது. அதன் பிறகு ஏறக்குறைய 200 வருஷம் இங்கே குடும்பம் என்று யாரும் வாழவில்லை. மற்ற ஜமீன் வீடுகளை எல்லாம் புது மோஸ்தருக்கு இடித்துக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இதை மட்டும் யாரும் கை வைக்காமல் விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே மேனர்ஸ் குடும்பத்தின் தலைவரான ரட்லண்டின் ஒன்பதாவது டியூக் வந்து, புதுப்பிக்கிறேன் என்று கெடுக்காமல், இருந்ததைப் பொறுமையாகச் சீர் செய்தார். ஆகவே இங்கே பார்க்க வேண்டியது சாமான்களை அல்ல, தேய்மானத்தை.

அது வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. கோபுர வாசலின் பெரிய கதவுக்குள் ஆள் நுழைய ஒரு சின்னத் திட்டிக்கதவு. அதன் கீழே உள்ள கல், நூற்றாண்டுக் கணக்கில் கால் பட்டுப் பட்டு, பாதம் பதிந்த மாதிரி குழிந்திருக்கிறது. டிக்கெட்டைத் தேடிக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்புறம் சமையலறை. இருட்டாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்துவிட்டு நகராதீர்கள். கண் பழக இரண்டு நிமிஷம் நில்லுங்கள். வெட்டி வெட்டிப் பள்ளமான மரப் பலகைகள் மெல்லத் தெரியவரும். நம் வீட்டு அம்மியின் நடுக்குழியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பள்ளத்தை விளக்க வேண்டியதில்லை.

தேவாலயத்தையும் அவசரமாகக் கடக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்க வழக்கங்களைத் தூக்கியெறிந்த மதச் சீர்திருத்தக் காலத்தில் சுவரோவியங்களின் மேல் சுண்ணாம்பு அடித்து மூடிவிட்டார்கள். அழிக்கத்தான் அடித்தார்கள், அது காப்பாற்றிவிட்டது. பின்னால் சுரண்டி எடுத்தபோது 15ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் வெளியே வந்தன. அங்கேயே ஒரு சிறுவன் படுத்திருக்கும் சிற்பம் உண்டு. 1894இல் ஒன்பது வயதில் இறந்த ஹாடன் பிரபு அவன், ஒன்பதாவது டியூக்கின் அண்ணன். வடித்தது அவனைப் பெற்ற தாய். இதற்கு மேல் நான் சொல்லவில்லை, நீங்களே பாருங்கள்.

லாங் கேலரி என்கிற 110 அடி நீளக் கூடத்தை உள்ளே நடந்து பார்த்தால் மட்டும் போதாது. தோட்டத்தில் இறங்கி நின்று ஜன்னல்களை அண்ணாந்து பாருங்கள். ஈயப் பட்டையில் கோத்த கண்ணாடித் துண்டுகள் ஒரே தளத்தில் இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, வெயிலைத் தனித்தனியாக வாங்கித் திருப்புகின்றன.

மேனர்ஸ் குடும்பத்துக்கு முன்னால் இங்கே இருந்த வெர்னன் குடும்பத்துப் பெண் டோரதி, காதலனோடு ஓடிப்போனாள் என்ற கதையை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவள் ஜான் மேனர்ஸை மணந்ததும், 1565இல் தந்தை ஜார்ஜ் வெர்னன் இறந்தபின் வீடு அந்தக் குடும்பத்துக்குப் போனதும் உண்மை. நள்ளிரவில் படியிறங்கிக் காதலனோடு ஓடினாள் என்பதுதான் இடிக்கிறது. ஓடிவந்ததாகக் காட்டும் படிகள் அவள் காலத்துக்குப் பிறகு கட்டியவை! கதை நல்ல கதைதான், கேட்டுக்கொள்ளலாம்.

சில்லறை விஷயங்கள்: இது இன்னும் தனியார் குடும்பச் சொத்து, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் அட்டையை நீட்டினால் இலவசமாக விட மாட்டார்கள். வருஷம் முழுக்கத் திறந்திருக்காது, தேதி பார்க்காமல் கிளம்பாதீர்கள். தரை மேடும் பள்ளமும், ஹீல்ஸ் வேண்டாம், தள்ளுவண்டிக் குழந்தை என்றால் சிரமம்தான்.

கடைசியாக ரயில். பேக்வெல் ஸ்டேஷன் என்று பழைய வரைபடத்தைப் பார்த்து நம்பி இறங்கத் தேடாதீர்கள், 1967இல் மூடியாகிவிட்டது. அந்தப் பாதை ஹாடனுக்குப் பின்னால்தான் போனது. ரயில் அப்போதைய டியூக்கின் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே அந்த இடத்தில் சுரங்கம் போட்டு மறைத்தார்கள். இப்போது மேட்லாக் வரைதான் ரயில். அங்கிருந்து பேக்வெல் பஸ் பிடிக்க வேண்டும், திரும்புகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுவையுங்கள்.